எட்டாயிரத்துக்கு மேலே

சொக்கலிங்கம் அண்ணனின் புருவத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் நெளியவில்லை. கண்ணை மூடி, தலையைச் சற்றுச் சாய்த்து, ஜெரோம் செய்த புது இயர்போன் ஜோடியைக் காதுகளுக்குள் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காலையில் காரைக்குடியிலிருந்து வண்டி ஓட்டி வந்த அலுப்பும் ஸ்டெல்லா போட்ட பிரியாணியும் சேர்ந்து தூங்கியே போய்விட்டாரோ, தூங்கிப்போனால் எவ்வளவு நல்லது, எல்லோருமே இப்படியே தூங்கிப்போய் சாயங்காலம் எழுந்து முகம் கழுவிக்கொண்டு அவரவர் ஊருக்குக் கிளம்பிவிட்டால். மின்விசிறி சுற்றுகிறது. அதற்கு ஒரு சத்தம் உண்டு, சுற்றுக்கு ஒரு கிறீச், போன வருடம் இதே ஹாலில் உட்கார்ந்து நானே கிண்டல் செய்திருக்கிறேன், "ஊருக்கெல்லாம் காது செஞ்சு குடுக்கிற ஜெரோம், உன் ஃபேனுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட மாட்டேங்கிற." இப்போது கிறீச் இல்லை. எண்ணெய் விட்டுவிட்டானா, இல்லை, அது இன்னும் அங்கேயே கிறீச்சிட்டுக்கொண்டிருந்து எனக்கு மட்டும் வராமல் போகிறதா. கேட்டுப் பார்க்கலாம். கேட்டால் தெரிந்துவிடும். பதினெட்டு நாட்களாக எனக்கு இதே வேலை, எதைப் பார்த்தாலும் அதற்குரிய சத்தம் வருகிறதா என்று நின்று பார்ப்பது, சாவிக்கொத்தை ஆட்டிப் பார்ப்பது, வேப்பமரத்தில் அணில் வாயைத் திறந்து திறந்து மூடுவதை ஊமைப்படம் போல வெகுநேரம் பார்த்துக்கொண்டு நிற்பது.

திருச்சி மேலப்புதூரில் ஜெரோம் வீட்டு மாடி இது. ஞாயிற்றுக்கிழமை, மணி இரண்டே முக்கால். ஜன்னலுக்கு வெளியே வெயில் வெள்ளையாகக் கொட்டுகிறது, உள்ளே திரை இழுத்துவிட்டிருப்பதால் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பதுபோல ஒரு பச்சை வெளிச்சம். நடுவில் சாப்பாட்டு மேஜை, அதன்மேல் கறுப்புத் துணி, துணியின்மேல் ஏழெட்டு ஜோடி இன்-இயர் மானிட்டர்கள். மேடையில் பாடுகிறவர்கள் காதுக்குள் ஆழமாகச் செருகிக்கொள்வார்களே, அந்தச் சாமான்தான், பாட்டுப் பைத்தியங்கள் நாங்கள் வீட்டில் தனியாக உட்கார்ந்து கேட்க வைத்துக்கொள்கிறோம். வருடத்துக்கு இரண்டு முறை இப்படிக் கூடி ஒருவருடையதை ஒருவர் மாற்றிப் போட்டுக் கேட்டு, எது உசத்தி என்று சண்டை பிடிப்போம். சொக்கலிங்கம் அண்ணன் கொண்டுவந்த வெளிநாட்டு ஜோடிகள் நகைப்பெட்டியிலிருந்து இறக்கி வைத்தவை போலப் படுத்திருக்கின்றன. ஹபீபாவுடையது அந்த ஓரத்தில், சென்னையில் டப்பிங் ஸ்டுடியோவில் சத்தம் திருத்துகிற பெண், நாளெல்லாம் போட்டுப் போட்டு ஒயர் முறுக்கிப்போயிருக்கிறது. நடுவில் ஒரு வெற்றிடம், அங்கே இருந்த ஜோடிதான் இப்போது அண்ணனின் காதில். ஜெரோம் பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்துகொடுக்கும் லேபில் பதினாறு வருடமாக வேலை செய்கிறான், பல்லுக்கு வார்க்கும் அதே பிசினில் வீட்டில் காதுக்கும் ஓடு வார்க்கக் கற்றுக்கொண்டான். தொட்டால் கூழாங்கல் மாதிரி வழுவழுவென்று இருக்கும். இதற்கு உய்யக்கொண்டான் என்று வாய்க்கால் பெயரை வைத்திருக்கிறான். இன்று நாங்கள் மூன்று பேரும் நன்றாயிருக்கிறது என்றால் நாளையிலிருந்து விற்பனை. ஒன்றாம் தேதியிலிருந்து வரமாட்டேன் என்று லேபில் சொல்லிவிட்டான். அதை என்னிடம் சொன்னபோது அவன் முகம் எப்படி இருந்தது, தேர்வு முடிந்து கடைசி நாள் வகுப்பிலிருந்து வெளியே ஓடுகிறவன் முகம். "உங்க தைரியம்தான் சார்." ஐயோ, அந்த வார்த்தை.

பரிதி சார் கேட்டாச்சா. எங்கள் இணையக் குழுவில் யார் எதைப் பற்றி எழுதினாலும் கீழே இந்தக் கேள்வி வந்துவிடும். இளம்பரிதி என்கிற பாலிடெக்னிக் இயற்பியல் வாத்தியார் நான், எப்படியோ இந்த வட்டாரத்துக்குக் காது ஆகிப்போனேன். ஒரு ஜோடியைப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் கேட்டுவிட்டு, பேஸ் எங்கே வீங்குகிறது, பாடகியின் தொண்டை எங்கே அடைக்கிறது என்று எழுதுவேன், எழுதியதைப் படித்துவிட்டு சிங்கப்பூரிலிருந்துகூட, சார், நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கே அது கேட்டது, என்று பதில் வரும். அந்தப் பெருமை உடம்பில் எங்கே போய்த் தங்குகிறது என்று தெரியவில்லை, ஆனால் தங்குகிறது. சட்டைக்கு உள்ளே இன்னொரு சட்டை மாதிரி. ஆறு மாதத்துக்கு முன் ஜெரோம் முதல் மாதிரியைக் கொண்டுவந்து காலேஜ் வாசலில் நின்றான். நான் அன்று சொன்னேன், நல்லாருக்கு, மேலே மட்டும் கொஞ்சம் மங்கலா இருக்கு. மேலே என்றால் ட்ரெபிள், கஞ்சிராவின் சலங்கை, வயலின் வில்லின் உரசல், பாடுகிறவர் ஸ என்று சொல்லும்போது பல்லிடுக்கில் சீறும் காற்று. ஒரு மாதம் கழித்து அதை ஏற்றிக்கொண்டு வந்தான். இன்னும் கொஞ்சம், என்றேன். மறுபடி வந்தான். இன்னும் கொஞ்சம். அவனிடம் அளந்து பார்க்க ஒரு சின்ன மைக் உண்டு, கம்ப்யூட்டரில் கோடு வரையும், அதைக் காட்டி, "எட்டாயிரத்துல ஒரு குன்று மாதிரி நிக்குது சார், இது பரவால்லயா?" என்றான். "காதால கேளு ஜெரோம், கோட்டைப் பார்க்காத." எவ்வளவு அழகாகச் சொன்னேன். சொல்லிவிட்டு டீ கிளாஸை உதட்டுக்குக் கொண்டுபோனேன். அந்தக் கிளாஸின் சூடுகூட விரலில் இருக்கிறது. இளம் வயதில் மனிதனுக்கு இருபதாயிரம் ஹெர்ட்ஸ் அதிர்வெண் வரை கேட்கும், பிறகு மேலிருந்து ஒவ்வொரு விளக்காக அணையும், இதை வருடாவருடம் கரும்பலகையில் எழுதுகிறவன் நான், கோட்டைப் பார்க்காதே என்றேன்.

புருவம் நெளிந்தது. பார்த்துவிட்டேன். ஒரு கணம்தான், பல்லில் ஐஸ் பட்டவர்போல. அதே நேரத்தில் தரை மெல்ல அதிரத் தொடங்குகிறது, பாலக்கரைப் பக்கம் ரயில் போகிறது, ரயில் வந்தால் எல்லோரும் கேட்பதை நிறுத்திவிட்டுக் காத்திருப்பது இந்த வீட்டு வழக்கம். சொக்கலிங்கம் அண்ணன் இரண்டு விரலால் மெதுவாகக் காதிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். ரயில் எனக்கு முழுதாகக் கேட்கிறது, அதன் கனம், இரும்பின் அடிவயிறு, எல்லாம். கீழ்ச்சத்தம் எதுவும் என்னைவிட்டுப் போகவில்லை. மேல்மாடி மட்டும் காலியாகிக்கொண்டிருக்கும் வீடு நான். ரயில் போன பிறகு அண்ணன் மூக்கைத் தடவிக்கொண்டே, "நல்லா இருக்குப்பா. சாமான் நல்லா இருக்கு. கொஞ்சம்... பழகணும்," என்றார். ஜெரோம் சிரித்தான், அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. பழகணும் என்பது எங்கள் கூட்டத்தில் நாங்கள் ஒருவர் மனம் நோகாமல் சொல்லும் வார்த்தை, அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும், அவன் எழுந்து ஒயரைத் துடைத்து ஹபீபாவிடம் நீட்டுகிறான், அவன் விரல் நுனிகளில் பிசின் காய்ந்து வெள்ளையாய் இருக்கிறது. "நீ கேளும்மா. அதே பாட்டுதான்."

அதே பாட்டு. ஸ்டெல்லா பாடியது. சர்ச்சில் பாடுகிறவள், ஜெரோமின் மனைவி. எல்லோருக்கும் பொதுவாக ஒரு பாட்டு வேண்டும் என்று அவளையே பாடவைத்து இந்த ஹாலில் பதிவு செய்தான், அவளே கட்டிய பாட்டு, மழை வருவதற்குள் காய்ந்த துணியை எடுக்க மாடிக்கு ஓடுவதைப் பற்றி. சட்டை, சேலை, சின்னப் பாவாடை, சீக்கிரம் சீக்கிரம் என்று விளையாட்டாகப் போகும், கூட ஒரு கஞ்சிரா. அந்தப் பாட்டு முழுக்க ஸவும் சவும்தான். நாலு மாதத்துக்கு முன்பு, மூன்றாவது மாதிரியை முதலில் ஸ்டெல்லாதான் போட்டுப் பார்த்தாள். உடனே எடுத்துவிட்டாள். "குத்துதுங்க. ஊசி மாதிரி." ஜெரோம் என்னைப் பார்த்தான். நான் சிரித்துக்கொண்டே, "அது பழகாத காதும்மா, ரெண்டு நாள் கேட்டா சரியாயிடும்," என்றேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு கீழே போனாள். அதன்பிறகு ஜெரோம் அவளிடம் கேட்கவே இல்லை என்று நினைக்கிறேன். தன் குரலையே தான் தாங்க முடியவில்லை என்று ஒருத்தி சொன்னாள், வாத்தியார் நான் அவள் காதுக்குப் பாடம் எடுத்தேன். இப்போது கீழே பாத்திரம் கழுவுகிறாள், தண்ணீர் விழுவது கேட்கிறது, பாத்திரத்தோடு பாத்திரம் இடிக்கும் அந்தக் கூர்மை மட்டும் கேட்கவில்லை, யாரோ தண்ணீரை மட்டும் வைத்துக்கொண்டு கழுவுவதுபோல் இருக்கிறது.

ஹபீபா கண்ணை மூடுவதில்லை. திறந்த கண்ணோடு சுவரைப் பார்த்துக் கேட்பாள். நாற்பது கைகள், எனக்கு அந்த நாற்பது கைகள் ஞாபகம் வருகின்றன. ஒலி அலகு, இரண்டாம் ஆண்டு, மதியம் முதல் பீரியட். ஸ்பீக்கரில் ஒரே ஒரு ஸ்வரத்தை வைத்து மெல்ல மெல்ல உயர்த்திக்கொண்டே போவேன், எல்லோரும் கையைத் தூக்கிக்கொள்ள வேண்டும், சத்தம் நின்றதாகத் தோன்றும்போது கையை இறக்கிவிட வேண்டும். நானும் தூக்கிக்கொள்வேன், வருடாவருடம் செய்வது. ஐயாயிரம், ஆறாயிரம், ஏழாயிரம், சத்தம் மெலிந்து நூலாகி, நூலும் இல்லாமல் போனது. ஒயர் கழன்றுவிட்டது என்று நினைத்து, கையை இறக்கிவிட்டு ஸ்பீக்கர் பின்னால் போய்க் குனிந்து பார்த்தேன். நிமிர்ந்தால் நாற்பது கைகளும் அப்படியே நிற்கின்றன. விளையாடுகிறார்கள் என்று கோபம் வந்தது. "என்ன, கிண்டலா?" முன்பெஞ்சில் மாலினி என்கிற பெண், பாவம், பயந்துபோய்ச் சொன்னாள், "இல்ல சார், இன்னும் கேக்குது. கொசு மாதிரி." ஒரு கைகூட இறங்கவில்லை. நாற்பது பேரும் எனக்கு இல்லாத ஒரு அறையில் உட்கார்ந்திருந்தார்கள், நான் அதன் கதவுக்கு வெளியே சாக்பீஸோடு நின்றேன். எட்டாயிரத்து இருநூறு. அந்த எண்ணை அப்புறம் பார்த்தேன். மறுநாளே தில்லைநகரில் ஒரு க்ளினிக்குக்குப் போய், கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்தேன், சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்குங்கள் என்றார்கள், கேட்காதபோதும் இரண்டு முறை அமுக்கினேன், ஐம்பத்துமூன்று வயதில் காப்பி அடித்தேன். அந்த ஆடியாலஜிஸ்ட் பெண் காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள், நாலாயிரம் வரை கோடு மேஜைமேல் நடப்பதுபோல வந்து, அதற்கப்புறம் விளிம்பிலிருந்து விழுந்துவிட்டது. "வயசானா வர்றதுதான் சார். உங்களுக்குக் கொஞ்சம் சீக்கிரமா வந்திருக்கு. பேச்சுக்கெல்லாம் ஒண்ணும் தொந்தரவு இருக்காது." பேச்சுக்கு ஒன்றும் தொந்தரவு இருக்காது. நான் அவளிடம் நான் யார் என்று சொல்லவில்லை. காகிதத்தை ஒரு ரகசியத்தைப் போல மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மத்தியப் பேருந்து நிலையம் வரை நடந்தே வந்தேன், ஊர் முழுக்க யாரோ மெல்லிய பஞ்சைப் போர்த்திவிட்டதுபோல் இருந்தது, உண்மையில் பல வருடமாகவே போர்த்தியிருந்தது, அன்றுதான் பஞ்சைப் பார்த்தேன்.

"ஸ வர்ற இடமெல்லாம் குத்துது ஜெரோம்ணா." ஹபீபாதான். எடுத்துவிட்டாள், பாட்டு பாதியில். காதைத் தேய்த்துக்கொள்கிறாள். "பேஸ் அவ்ளோ அழகா இருக்கு, குரல் பக்கத்துல உக்காந்து பாடற மாதிரி இருக்கு, அக்கா மூச்சு எடுக்கறதுகூடத் தெரியுது. ஆனா மேல... சாரி. என்னால ஒரு பாட்டுக்கு மேல கேக்க முடியாது." ஜெரோம் ஒயரைக் கையில் வாங்கிக்கொண்டு நிற்கிறான். அவன் ஹபீபாவைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறான். புதன்கிழமையும் இப்படித்தான் பார்த்தான். க்ளினிக்குக்குப் போய்வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது, எனக்குத் தெரியும், எல்லாம் தெரியும், இருந்தும் வந்தேன், இதே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன், இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் வண்டியை எடுத்தேன், பாலத்தில் ஏறும்போதுகூட முதல் வாக்கியம் தயாராக இருந்தது. ஆனால் காதில் வைத்ததும் ஸ்டெல்லா பாடினாள், ஒவ்வொரு சலங்கையும் ஒவ்வொரு பல்லிடுக்குக் காற்றும் பளிச்சென்று திரும்பி வந்துவிட்டன, என் முப்பது வயது திரும்பி வந்துவிட்டது, நான் அழுதுவிட்டேன் போல, ஜெரோம் பயந்துபோய், "என்ன சார்?" என்றான். "இதான் ஜெரோம். இதுதான்," என்றேன். வியாழக்கிழமையே விற்பனைக்கான பன்னிரண்டு ஜோடி ஓடுகளையும் பிசின் வைத்து மூடி விளக்குக்குக் கீழே காட்டி இறுக்கிவிட்டான். மூடினால் மூடினதுதான், மறுபடி திறக்க வழி வைத்துச் செய்வதில்லை.

"நீங்க சொல்லுங்க சார்." என் கையில் வைத்துவிட்டான். நான் போட்டுக்கொள்கிறேன், என்ன செய்வது என்று தெரியாததால் போட்டுக்கொள்கிறேன். உலகம் அடைபட்டு, பிறகு திறந்தது. மழைக்கு முந்தின காற்று. அவள் மாடிப்படி ஏறுகிறாள், சட்டை, சேலை, சின்னப் பாவாடை, கஞ்சிராச் சலங்கை ஒவ்வொன்றும் ஈரக் கொடியில் தொங்கும் சொட்டு மாதிரி தனித்தனியாக நிற்கிறது, இவ்வளவு தெளிவை நான் பத்து வருடமாகக் கேட்டதில்லை, இதில் எங்கே ஊசி, எங்கே குத்து, எல்லாம் பட்டுத்துணி, மிதக்கிறேன், இங்கேயே இருந்துவிடலாம், இந்தப் பாட்டு முடியாமல் போகட்டும். என் காதில் எவ்வளவு பள்ளமோ அவ்வளவு மேடு இதில் இருக்கிறது. ஆறு மாதமாக ஒரு மனிதன் ராத்திரி பகலாக உட்கார்ந்து என் குறையை அச்சு எடுத்திருக்கிறான், பல்செட்டுக்கு வாயில் அச்சு எடுப்பதுபோல. இது உய்யக்கொண்டான் இல்லை, இது நான். எனக்கு மட்டும் பொருந்தும், இன்னும் இரண்டு வருடம் போனால் எனக்கும் பொருந்தாது. பாட்டு முடிந்தது. எடுத்தேன். அறையின் பச்சை வெளிச்சமும் பஞ்சும் திரும்பி வந்தன. மூவரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹபீபாதான் முதலில் பேசினாள், "சாருக்கு ஓகேன்னா எனக்குத்தான் ஏதோ. நேத்து ட்ரெயின்ல தூங்கவே இல்ல, காது களைச்சுப் போயிருக்கும்." அண்ணனும் உடனே, "அதானே, நானும் இவ்வளவு தூரம் ஏசியில வந்தேன், வாத்தியார் சொல்லட்டும், அவர் காதுதான் காது."

அதுதான், கதவு திறந்துகொண்டது. ஒரே ஒரு சொல் போதும். பழகணும் என்றால் போதும், இரண்டு நாள் கேட்டுவிட்டு எழுதுகிறேன் என்றால் போதும், இவர்கள் இருவரும் தங்கள் காதைச் சந்தேகப்பட்டுக்கொண்டே ஊருக்குப் போவார்கள், தங்களுக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்து வாங்குவார்கள், வாங்கின இன்னும் ஐம்பது பேரும் தங்களுக்குத்தான் தெரியவில்லை என்று நினைப்பார்கள், கொஞ்ச நாள் போகும். சிங்கப்பூர்க்காரர் எழுதுவார். நான் சொன்னதால் ஊசியைப் பட்டு என்று கேட்பார்கள். எத்தனை நாள் போகும்? ஒரு நாள் யாராவது ஒருத்தன், என்னை அறியாத ஒருத்தன், குத்துகிறது என்று எழுதுவான், அப்புறம் எல்லோரும். அப்போது ஜெரோமுக்கு லேபும் இருக்காது. வீட்டில் போன வாரம் காய்ச்சல் வந்து டிஜிட்டல் தெர்மாமீட்டரை நாக்குக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எவ்வளவு நேரமோ, மனைவி கயற்கண்ணி சமையலறையிலிருந்து வந்து, "எப்பவோ அடிச்சிடுச்சுங்க, இன்னும் வாயில வச்சிட்டு உக்காந்திருக்கீங்க," என்று உருவினாள். உருவிவிட்டு என்னைப் பார்த்த பார்வை. அவளுக்குத் தெரியும். கேட்காமல் இருக்கிறாள். ஸ்டெல்லா டீத்தட்டோடு படியேறி வந்து நிலைப்படியில் நிற்கிறாள், நாலு கிளாஸ், ஆவி பறக்கிறது, உள்ளே வரலாமா என்று தயங்குகிறாள், என் கையில் இருப்பதைப் பார்க்கிறாள், அவள் குரல் இருக்கும் அந்தச் சின்னக் கூழாங்கல்லை.

"அது சாமான் தப்பு இல்ல ஜெரோம்." என் குரல்தானா. "என் காது. எட்டாயிரத்துக்கு மேல எனக்குக் கேக்கறதில்ல. அதுக்குக் கீழயே குறைஞ்சுபோச்சு. உன்னை ஏத்து ஏத்துன்னு சொன்னதெல்லாம் எனக்குக் கேக்காததால." யாரும் அசையவில்லை. ஏதாவது சத்தம் இருக்கலாம், இருந்தால் எனக்குக் கேட்காத சத்தம். சட்டைப்பையில் கைவிட்டு அந்தக் காகிதத்தை எடுத்து மேஜைமேல் கறுப்புத் துணியில் விரித்தேன், அண்ணனின் வெளிநாட்டு ஜோடிக்கும் ஹபீபாவின் முறுக்கிய ஒயருக்கும் நடுவில். ஜெரோம் குனிந்து பார்த்தான். கோடு பார்க்கத் தெரிந்தவன், ஒரு நொடி போதும். அவனுடைய குன்று அவன் கண்ணுக்குள் வந்து என் பள்ளத்தில் போய் உட்காருவதை நான் பார்த்தேன். "எப்பத்துலேருந்து?" "வருஷக்கணக்கா இருக்கும். எனக்குத் தெரிஞ்சு பதினெட்டு நாள்." "புதன்கிழமை வந்தீங்களே." "ஆமா." "தெரிஞ்சுதான் வந்தீங்களா?" "ஆமா ஜெரோம்." "தெரிஞ்சுதான் இதான்னு சொன்னீங்களா?" மூன்றாவது ஆமாவை என்னால் சொல்ல முடியவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். அவன் பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டான். வெயில் ஒரு பலகையாக உள்ளே விழுந்தது. சொக்கலிங்கம் அண்ணன், "எனக்கு அறுபத்திமூணு வாத்தியாரே. எனக்கே குத்துச்சு," என்றார், குறையாகச் சொல்லவில்லை, ஆச்சரியமாகச் சொன்னார், சொன்ன பிறகு சொல்லியிருக்க வேண்டாமே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஸ்டெல்லா வந்து டீயை வைத்தாள். எனக்கும் ஒரு கிளாஸ் வைத்தாள். நான் அவளைப் பார்த்து, "அன்னிக்கு நீ சொன்னதுதாம்மா சரி," என்றேன். அவள், "தெரியும் சார்," என்றாள். அவ்வளவுதான். கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். தெரியும் சார்.

வெயிலில் அவன் முதுகு தெரிகிறது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். போய் என்ன சொல்வது, வாத்தியார் வேலையில் இதற்கென்று ஒரு வாக்கியமும் இல்லை, முப்பது வருடமாகத் தெரிந்ததை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தேன். டீ ஆறுகிறது, மேலே ஏடு படிகிறது, ஏடு சுருங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், குழுவில் நானே எழுதிவிட வேண்டும், இன்றைக்கே, வாக்கியங்கள் வருகின்றன, போகின்றன, அன்புள்ள நண்பர்களே, வேண்டாம், எனக்கு ஒரு விஷயம் சொல்ல, வேண்டாம். எவ்வளவு நேரம் போனதென்று தெரியவில்லை. ஜெரோம் உள்ளே வந்தான், யாரையும் பார்க்காமல் பக்கத்து அறைக்குப் போனான், திரும்பி வந்தபோது கையில் லேபில் பல்செட்டைச் சீவும் மோட்டார், பேனா பருமனில் அதன் பிடி, நுனியில் சின்ன வட்டக் கத்தி. ப்ளக்கைச் செருகினான். அந்த ஜோடியில் ஒன்றை எடுத்து இடதுகை விரல்களில் பிடித்து, மூடின தையலில் கத்தியை வைத்தான். ஹபீபா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்தேவிட்டாள். அண்ணன் பல்லைக் கடித்துக் கண்ணை இறுக்கினார். ஸ்டெல்லா தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டாள். எனக்கு ஒரு வண்டு முனகுவதுபோல இருந்தது, தூரத்தில், பகல்தூக்கத்தில் கேட்பதுபோல. நால்வர் முகமும் வலியில் கோணுகிறது, நடுவில் நான் டீ கிளாஸோடு சாதாரணமாக உட்கார்ந்திருக்கிறேன். ஜெரோம் கத்தியை ஓட்டிக்கொண்டே ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். காகிதத்தில் பார்த்தபோது புரிந்ததைவிட அப்போதுதான் அவனுக்கு முழுதாகப் புரிந்தது என்று நினைக்கிறேன். அவன் கண்ணில் இருந்தது என்னவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுபடி குனிந்துகொண்டான்.

ஓடு இரண்டாகப் பிளந்து, உள்ளே மணிபோல ஸ்பீக்கர்களும் முடிபோன்ற ஒயர்களும் தெரிந்தன. ட்ரெபிள் போகும் குழாயில் ஃபில்டர் என்று கடுகளவு ஒரு வலைத்துணி, அதைச் சின்ன இடுக்கியால் எடுத்துவிட்டு, நெருக்கமான வலை ஒன்றை வைத்தான். மற்றதையும் அப்படியே பிளந்து வைத்தான். பிளவைத் தற்காலிகமாக மெழுகால் ஒட்டினான். ஹபீபா கையை நீட்டினாள். அவன் அவளைத் தாண்டி, "ஸ்டெல்லா, நீ கேளு," என்றான். ஸ்டெல்லா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நின்றுகொண்டே கேட்பாள் என்று நினைத்தேன், உட்கார்ந்தாள். தன் குரலைத் தானே கேட்கிற ஒருத்தியின் முகத்தை நான் அதற்குமுன் இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. முதலில் எச்சரிக்கையாக, குத்து வரும் இடத்துக்கு முன்னாலேயே கண்ணைச் சுருக்கிக்கொண்டு. வரவில்லை. மறுபடி சுருக்கினாள். வரவில்லை. பிறகு நெற்றி தளர்ந்தது, தோள் தளர்ந்தது, உதடு ஓசையில்லாமல் சீக்கிரம் சீக்கிரம் என்று கூடவே அசைந்தது, கடைசி வரை எடுக்கவில்லை. எடுத்தபோது, "கஞ்சிரா இப்படியா இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள். ஹபீபா வாங்கிக் கேட்டாள். சுவரைப் பார்க்கும் அந்தக் கண்கள் முதல் தடவையாக மூடிக்கொண்டன. அண்ணன் பொறுமையில்லாமல் ஒரு பக்கத்தை மட்டும் வாங்கித் தன் காதில் வைத்து, "யப்பா," என்றார்.

கடைசியில் என்னிடம் வந்தது. ஜெரோம் கொடுக்கவில்லை, மேஜையில் வைத்துத் தள்ளினான். நான் போட்டுக்கொண்டேன். மழை வரப்போகிறது, அவள் மாடிக்கு ஓடுகிறாள், ஆனால் எல்லாம் மூடின கதவுக்கு அந்தப்புறம். சேலையில் ஸ இல்லை, ஏலை ஏலை என்று போகிறாள். கஞ்சிரா வெறும் தோல், தட்டுகிறது, சலங்கை எங்கோ மணலில் விழுந்துவிட்டது. மூன்று முகங்களில் பார்த்தேனே அந்த இடம், அது எனக்கு இங்கே இல்லை. பொய் சொல்ல மனம் எவ்வளவு வேகமாக வார்த்தை தேடுகிறது, அற்புதம், பிரமாதம், இப்போதுதான் சரி, எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன. எடுத்து மேஜையில் வைத்தேன். "எப்படி இருக்கு?" என்றான். இந்தத் தடவை சார் இல்லை. "மங்கலா இருக்கு ஜெரோம். ரொம்ப மங்கல்." அவன் அந்த ஓட்டில் மெழுகு பிதுங்கியிருந்த இடத்தை நகத்தால் சுரண்டினான். "அப்போ சரி," என்றான். ஹபீபாதான் முதலில் சிரித்தது, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெரோம் சிரிக்கவில்லை. உள்ளே போய் அட்டைப்பெட்டியைத் தூக்கிவந்தான், இறுக்கி மூடின மற்ற பதினொரு ஜோடி. ஒன்றை எடுத்து என்முன்னால் வைத்தான். "கோவம் இருக்கு. ரொம்ப இருக்கு. இப்ப இதைப் பிடிங்க, ஒரு கையில பிடிச்சுட்டு அறுக்க முடியல, ஆடுது." நான் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அந்தக் கூழாங்கல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மற்றவர்கள் எழுந்து மொட்டைமாடிப் பக்கம் ஓடினார்கள். அவன் கத்தியை வைத்தான். எனக்குச் சத்தம் வரவில்லை, ஆனால் விரலில் வந்தது, எலும்பு வழியாக மணிக்கட்டுக்கு ஏறி முழங்கைவரை நடுங்கியது, பிசினின் கசப்பு வாசனை எழுந்தது, வெள்ளைத்தூள் என் நகத்தின்மேல் விழுந்துகொண்டே இருந்தது, நான் கையை ஆடாமல் வைத்துக்கொண்டேன்.